12 லட்சம் சி.டி.சி. என்றால் மாதம் கைக்கு எவ்வளவு?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சி.டி.சி. (காஸ்ட் டு கம்பெனி) என்று ஆஃபர் வந்திருக்கிறது. 12 லட்சம் வரை வரி இல்லை என்று பட்ஜெட்டில் சொல்லிவிட்டார்களே, அப்படியானால் மாதம் ஒரு லட்சம் முழுசாக வந்துவிடும் என்று நினைத்திருந்தீர்கள். லெட்டரைப் பிரித்துப் பார்த்தால் மாத கிராஸ் (பிடித்தங்களுக்கு முந்தைய சம்பளம்) 82,000 என்று இருக்கிறது. மூன்று கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததில் 1,00,000, 96,400, 88,000 என்று மூன்று விடை. இன்னொரு கம்பெனியில் அதே 12 லட்சம் வாங்கும் நண்பருக்கு மாதம் 84,400 வருகிறது. வரியை எங்கே பிடிக்கிறார்கள், எந்த எண் சரி என்பது கேள்வி.

வரியை எங்கேயும் பிடிக்கவில்லை. உங்கள் சம்பளத்துக்கு வருமான வரி பூஜ்யம். கால்குலேட்டர் காட்டிய மூன்று எண்ணுமே உங்களுக்குப் பொருந்தாது. நீங்கள் படம் எடுத்துப் போட்டிருக்கும் இணைப்புத் தாளின்படி மாதம் 76,000 வரும். செப்டம்பர், மார்ச் போல இரண்டு மாதங்களில் மட்டும், தொழில் வரி போக, 74,750 வரும். பேரோல், அதாவது சம்பளம் போடும் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இதே கேள்வியோடுதான் என் மேஜைக்கு வருகிறார்கள். எல்லாரும் வரியில்தான் தேடுவார்கள். தொலைந்த பணம் அதற்கு முன்னாலேயே, சி.டி.சி.க்கும் கிராஸுக்கும் நடுவில் கிடக்கும்.

சி.டி.சி. என்பது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. உங்களுக்குத் தரும் சம்பளம் அதில் ஒரு பகுதிதான். உங்கள் தாளையே எடுத்துக்கொள்வோம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம். 12 லட்சத்திலிருந்து முதலில் வேரியபிள் பே 1,00,000 போகிறது. அது வருடக் கடைசியில், கம்பெனியும் நீங்களும் எப்படி ஓடினீர்கள் என்று பார்த்துத் தருவது. அடுத்து கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு, பேசிக்கில் 12 சதவீதம், அதாவது மாதம் 6,000, ஆண்டுக்கு 72,000. அடுத்து கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) 28,860. கடைசியில் குரூப் மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் 15,140. நான்கையும் கூட்டினால் 2,16,000. மீதி 9,84,000. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் அந்த 82,000. இது வரைக்கும் உங்கள் சம்பளத்திலிருந்து ஒரு பைசா கூடப் ‘பிடிக்கவில்லை’ என்பதைக் கவனியுங்கள். இந்த நான்கும் பேஸ்லிப்பில் பிடித்தம் பக்கம் வராது. அதனால்தான் பேஸ்லிப்பை எத்தனை முறை புரட்டினாலும் காணாமல் போன 18,000 கண்ணில் படாது.

பிடித்தம் இனிமேல்தான். பி.எஃப்.பில் உங்கள் பங்கு இன்னொரு 6,000. 82,000-இல் அது போனால் 76,000. வருமான வரி இல்லை. ஆக அதுவே கைக்கு வரும் தொகை.

இப்போது கால்குலேட்டர்கள். முதலாவது 12 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துவிட்டு வரி இல்லை என்று ஒரு லட்சம் காட்டியது. இரண்டாவது மாதம் 1,800 வீதம் இரண்டு பி.எஃப். பங்கையும் கழித்தது: 96,400. மூன்றாவது 6,000 வீதம் இரண்டு பங்கைக் கழித்தது: 88,000. மூன்றுக்கும் வேரியபிள், கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எதுவும் தெரியாது. நீங்களும் சொல்லவில்லை, அதுவும் கேட்கவில்லை.

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய லெட்டரை நான் பார்க்கவில்லை, அதனால் இது ஊகம்தான். ஆனால் உங்கள் தாளில் பி.எஃப். தொகையை மட்டும் 6,000-இலிருந்து 1,800 ஆக்கிப் பாருங்கள். கம்பெனிப் பங்கு ஆண்டுக்கு 21,600 ஆகும், கிராஸ் 86,200 ஆக ஏறும், அதில் உங்கள் பங்கு 1,800 போனால் பிசகில்லாமல் 84,400. இவ்வளவு பொருத்தமாக வருவதால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அந்த 1,800 எங்கிருந்து வந்தது என்றால், பி.எஃப். சட்டத்தில் கட்டாயம் பிடிக்க வேண்டிய சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாய். அதில் 12 சதவீதம் 1,800. முழு பேசிக்குக்கும் பிடிக்கும் கம்பெனிகளும் உண்டு, 1,800-ஓடு நிறுத்திக்கொள்ளும் கம்பெனிகளும் உண்டு. இரண்டும் சட்டப்படி சரி.

ஆனால் நண்பர் உங்களைவிட மாதம் 8,400 ‘அதிகம் சம்பாதிக்கிறார்’ என்று மட்டும் எண்ண வேண்டாம். அந்த 8,400 உங்களுக்கும் வருகிறது, பி.எஃப். கணக்குக்குப் போகிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்கு 8.25 சதவீத வட்டி. கம்பெனிப் பங்கில் மாதம் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்குப் பிரிந்துபோகும், மீதி உங்கள் கணக்கில் ஏறும். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முதலாக, 15,000-க்கு மேல் பேசிக்கில் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தால் அந்த 1,250-உம் பிரியாது, முழுவதும் கணக்கிலேயே இருக்கும். கையில் பணம் தேவைப்படும் நிலையில் இருப்பவருக்கு 1,800 வசதி. சேமிக்கத் தெரியாது, கையில் வந்தால் கரைந்துவிடும் என்பவருக்கு 6,000 நல்லது. நான் இரண்டாவது ரகம். எதுவானாலும் சேரும்போதே எச்.ஆரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு தடவை முழு பேசிக்குக்குக் கட்ட ஆரம்பித்த பிறகு குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் முடியாது என்றுதான் பதில் வரும்.

கிராஜுவிட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வருட வேலைக்குப் பதினைந்து நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கு; அதிலிருந்துதான் பேசிக்கில் 4.81 சதவீதம் என்ற விகிதம் வருகிறது. நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்து வருடம் முடித்தால்தான் கிடைக்கும். மூன்றாம் வருடம் வேறு வேலைக்குப் போனால் சி.டி.சி.யில் வருடா வருடம் காட்டிய அந்த 28,860 வெறும் காகிதம்தான். இதை சி.டி.சி.யில் சேர்ப்பது தவறில்லை, ஆனால் இரண்டு ஆஃபரை ஒப்பிடும்போது நான் அதைத் தனியாக ஒதுக்கிவிட்டுத்தான் பார்ப்பேன்.

சரி, வரி. உங்களுக்கு ஏன் பூஜ்யம் என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்த சம்பள உயர்வு வரும்போது யாரையும் கேட்க வேண்டியிருக்காது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்த புதிய வரி முறையின் அடுக்குகள், 2025-26 நிதியாண்டுக்கு: முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, 4 முதல் 8 வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. சம்பளக்காரருக்கு முதலில் 75,000 நிலையான கழிவு. அதன் பிறகு வரும் வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், அடுக்குப்படி எவ்வளவு வரி வந்தாலும் 60,000 வரை தள்ளுபடி. இதனால்தான் 12.75 லட்சம் சம்பளம் வரை வரி இல்லை என்கிறார்கள். இந்தக் கணக்கில் வருவது சி.டி.சி. இல்லை. உங்கள் 9,84,000-ஓடு வேரியபிள் முழுசாக வந்தாலும் 10,84,000. கழிவு போக 10,09,000. வரம்புக்கு இன்னும் 1,91,000 இடம் இருக்கிறது. வங்கி வட்டி மாதிரி மற்ற வருமானமும் இதில் சேரும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பங்கு விற்ற லாபத்துக்கு வரி தனி. அதற்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

அடுத்த அடுக்குக்குப் போனால் மொத்தச் சம்பளத்துக்கும் அந்த விகிதத்தில் வரி என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி இல்லை, அந்த அடுக்கில் விழும் பகுதிக்கு மட்டும்தான். மாத கிராஸ் 1,25,000 என்று வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 15 லட்சம், கழிவு போக 14,25,000. இரண்டாம் அடுக்கில் 20,000, மூன்றாம் அடுக்கில் 40,000, 12 லட்சத்துக்கு மேலிருக்கும் 2,25,000-க்கு 15 சதவீதம் 33,750. மொத்தம் 93,750. அதன் மேல் 4 சதவீதம் செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 3,750. ஆக 97,500, மாதம் 8,125. பேசிக் 62,500 என்றால் பி.எஃப். 7,500. இரண்டும் போகக் கைக்கு வருவது 1,09,375. வரிசையை மாற்றாமல் இப்படியே போட்டால் எந்தச் சம்பளத்துக்கும் வரும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இந்த வழி தடுக்கும். அது 12.75 லட்சத்துக்கும் ஏறக்குறைய 13.45 லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். சம்பளம் 12.75-இலிருந்து 13 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். கழிவு போக 12,25,000. அடுக்குப்படி வரி 63,750; ஆனால் 25,000 உயர்வுக்கு 63,750 வரியா என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காக, வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்று நிவாரணம் வைத்திருக்கிறார்கள். ஆக வரி 25,000. அத்தோடு விட்டால் பரவாயில்லை, அதன் மேல் 4 சதவீத செஸ், 1,000. 25,000 உயர்வுக்கு 26,000 வரி! 13.4 லட்சத்தில் போட்டுப் பார்த்தால் 65,000 உயர்வுக்கு வரியும் செஸ்ஸுமாக 67,600. இந்தப் பள்ளத்தில் இருப்பவருக்கு இன்க்ரிமென்ட் லெட்டர் கொடுக்கும்போது எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது, கம்பெனி ஒத்துக்கொண்டால் உயர்வின் ஒரு பகுதியைக் கம்பெனி கட்டும் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) பங்காக வாங்கிக்கொள்ளுங்கள். பேசிக்கில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் அதற்குக் கழிவு உண்டு. பணம் கைக்கு வராது, ஆனால் வரிக்கும் போகாது.

பழைய முறை இன்னும் இருக்கிறது. எச்.ஆரிடம் எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் பிடிப்பார்கள். உங்கள் சம்பளத்தில் வரியே இல்லாததால் பழைய முறையை யோசிக்க வேண்டாம். 15 லட்சக்காரருக்கு, பழைய முறையின் 50,000 நிலையான கழிவு போக இன்னும் சுமார் 5.44 லட்சத்துக்குக் கழிவுகள் காட்ட முடிந்தால்தான் இரண்டும் சமமாகும். பெரிய வாடகையும் வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்து இருப்பவருக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பது லாபம்.

தொழில் வரிக்கு வருவோம். சட்டப்படி ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500-க்கு மேல் வாங்கக் கூடாது. கர்நாடகத்தில் மாதா மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 பிடிப்பார்கள். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி வாங்குவது, அரையாண்டுக்கு ஒருமுறை. சென்னையில் உங்கள் சம்பளத்துக்கு அரையாண்டுக்கு 1,250. கம்பெனிகள் அதை ஒரே மாதத்தில் பிடித்துவிடும், பெரும்பாலும் செப்டம்பரிலும் மார்ச்சிலும். உங்கள் கம்பெனியில் ஒரு மாதம் முன்னே பின்னே இருக்கலாம். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் பேஸ்லிப்பின் பிடித்தம் பக்கத்தில் விரலை வைத்தபடி யாராவது என் முன்னால் வந்து நிற்பார்கள். போன மாதம் இந்த இடம் காலியாக இருந்ததே என்பார்கள். 1,250 ரூபாய்க்கு இவ்வளவு முகவாட்டமா என்று முன்பெல்லாம் நினைப்பேன். முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பாதது எங்கள் தப்பு என்று பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, இதில் நானே சூடுபட்டிருக்கிறேன். பல வருடம் முன்பு அக்டோபரில் வேலை மாறினேன். புதிய இடத்தில் முதல் சம்பளம் வந்தபோது, கிராஸ் அதேதான், கைக்கு மட்டும் கூடுதலாக வந்தது. நல்ல கம்பெனி என்று சந்தோஷப்பட்டேன். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் இரண்டு கம்பெனியும் தந்த இரண்டு வரிச் சான்றிதழ், பெரிய பாக்கி. பேரோலில் வேலை பார்ப்பவனுக்கே இந்தக் கதி. இன்றைய விகிதத்தில் சொல்கிறேன். மாதம் 1,25,000 வாங்குபவர் ஆறு மாதம் ஓரிடம், ஆறு மாதம் இன்னோரிடம் இருக்கிறார். முதல் கம்பெனி பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட்டு மாதம் 8,125 பிடித்திருக்கும், ஆறு மாதத்துக்கு 48,750. இரண்டாவது கம்பெனிக்குத் தெரிந்தது தன்னுடைய ஆறு மாதம்தான், 7.5 லட்சம்; 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரியே பிடிக்காது. மீதி 48,750, அதற்கு வட்டியோடு, உங்கள் தலையில் விழும். முந்தைய கம்பெனியின் சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் இது வராது. நீங்களும் இந்த நிதியாண்டின் நடுவில் மாறுவதால், சேர்ந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். உங்கள் சம்பளத்தில் இரண்டையும் கூட்டினாலும் 12.75 தாண்டாது என்றால் பாதிப்பு இல்லை, ஆனாலும் கொடுங்கள்.

இதுவரை சொன்னதில் அடுக்கு, கழிவு, தள்ளுபடி, பி.எஃப். விகிதம் எல்லாம் சட்டத்தில் இருப்பவை; அதில் சந்தேகம் இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும் என்று தெரிந்துதான் அவற்றை இங்கே எழுதவில்லை. அடுக்குகளை ஒவ்வொரு பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். உறுதி இல்லாதது உங்கள் வேரியபிள். லெட்டரில் 1,00,000 என்றிருந்தாலும் அதில் எவ்வளவு வரும் என்பது கம்பெனியின் கையில். அதை நம்பி இ.எம்.ஐ. எடுக்காதீர்கள். வந்தால் போனஸ், வராவிட்டாலும் வாடகை நிற்காது என்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறையில் இருக்கின்றன. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால், அதிகப்படியான பகுதியையும் ‘ஊதியம்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பேசிக்கை 30, 35 சதவீதத்தில் வைத்திருந்த கம்பெனிகளில் கிராஜுவிட்டிக் கணக்கு ஏறும். முழு பேசிக்குக்கு பி.எஃப். பிடிப்பவர்களாக இருந்தால் கைக்கு வருவதும் குறையலாம். 1,800-ஓடு நிற்பவர்களுக்கு பி.எஃப்.பில் மாற்றம் இராது. உங்கள் பேசிக் ஏற்கெனவே சி.டி.சி.யில் பாதி என்பதால் உங்களுக்கு இது பெரிதாக உறைக்காது. மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு மட்டும் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) என்று 0.75 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். அது உங்கள் கதை இல்லை.

நான் ஆடிட்டர் இல்லை. வெளிநாட்டு வருமானம், கம்பெனி தரும் பங்குகள் என்று ஏதாவது இருந்தால் ஓர் ஆடிட்டரைப் பார்ப்பதுதான் சரி. சம்பளத் தாள் மட்டும் என்றால் கையெழுத்துப் போடும் முன் எச்.ஆருக்கு ஒரு மெயில் போதும்: பி.எஃப். முழு பேசிக்குக்கா, 1,800-ஆ. வேரியபிள் வருடம் ஒருமுறையா, மூன்று மாதத்துக்கு ஒருமுறையா, போன வருடம் சராசரியாக எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள். சாப்பாடு, பஸ் என்று வேறு ஏதாவது பிடித்தம் உண்டா. அப்புறம், முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். 11ஆம் தேதி சேர்ந்தால் 30 நாள் மாதத்தில் 20 நாளுக்குத்தான் வரும்: கிராஸ் 54,667, பி.எஃப். 4,000, கையில் 50,667. இருபது, இருபத்தைந்து தேதிக்குப் பிறகு சேர்ந்தால் பல இடங்களில் அந்த மாதமே சம்பளம் போடாமல் அடுத்த மாதத்தோடு சேர்த்துத் தருவார்கள். வாடகைக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டியிருந்தால் அதற்குத் தகுந்தபடி பணம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.